ஏற்றுக்கொண்ட உறவுகள்: ஜெயகாந்தனின் வாழ்வும் எழுத்தும்

த. ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24 அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். பெற்றோர் தண்டபாணிப் பிள்ளை, மகாலட்சுமி அம்மாள். வீட்டில் வைத்த பெயர் முருகேசன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போன அந்தச் சிறுவனுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருதும், 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும், 2009-இல் பத்மபூஷணும் வந்து சேர்ந்தன. அகிலனுக்குப் பிறகு ஞானபீடம் பெற்ற இரண்டாவது தமிழ் எழுத்தாளர் அவர். 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் காலமானார்.

இந்த இரண்டு முனைகளையும் அருகருகே வைத்து வியப்பது எளிது. மேடைகளில் அடிக்கடி நடப்பதும் அதுதான். வறுமையில் பிறந்தார், உழைத்தார், உயர்ந்தார் என்று சொல்லி முடித்துவிட்டால், அவர் எழுதிய கதைகளைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. பட்ட பாடு எந்த வழியாகக் கதைக்குள் வந்தது, வந்தபோது என்னவாக மாறியது என்பதே கேட்கத் தகுந்த கேள்வி. ஜெயகாந்தன் இழுத்த கைவண்டியை அதே தெருவில் இன்னும் நூறு சிறுவர்கள் இழுத்தார்கள். அவர்கள் எல்லாரும் எழுத்தாளர்கள் ஆகவில்லை. ஆகவே வறுமை மட்டும் விடையாகாது. அதோடு சேர்ந்து வேறு சில இருந்திருக்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது, வீட்டை விட்டு வெளியேறியது. பள்ளியை நிறுத்திய சிறுவன் கடலூரிலிருந்து விழுப்புரத்தில் இருந்த மாமா வீட்டுக்குப் போனான். மாமா அரசியல் ஈடுபாடு உள்ளவர். பாரதியின் எழுத்தும் கம்யூனிசமும் அந்த வீட்டில்தான் அவனுக்கு அறிமுகமாயின. 1946-இல் சென்னை. அந்த நகரம் அப்போது இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். 1941 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை, 1951-இல் 14 லட்சத்தைத் தாண்டியது. நகரெல்லை விரிந்தது ஒரு காரணம். போருக்குப் பின் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தது இன்னொரு காரணம். ரேஷன் அரிசிக்கு வரிசை நின்ற காலம் அது. கூவத்தின் கரையிலும் ரயில் பாதையின் ஓரத்திலும் குடிசைகள் பெருகின. பிளாட்பாரத்திலேயே பிள்ளை பெற்று, அங்கேயே வளர்த்து, அங்கேயே செத்துப்போகும் குடும்பங்கள் உருவாயின. பின்னாளில் ஜெயகாந்தனின் கதைமாந்தர்கள் ஆனவர்கள் இவர்கள். அவர்களைக் கவனிப்பதற்காக அவர் அங்கே போகவில்லை. அவர்களோடு பிழைக்கப் போனார்.

செய்த வேலைகளை அவரே பல இடங்களில் அடுக்கிச் சொல்லியிருக்கிறார். மளிகைக் கடைப் பையன், மாவு மில்லில் கூலி, சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பவன், ஜட்கா வண்டிக்குச் சவாரி பிடிப்பவன், கைவண்டி இழுப்பவன், ஃபவுண்டரியில் கரி கொட்டுபவன், சோப்புத் தொழிற்சாலையிலும் மைத் தொழிற்சாலையிலும் ஆள், அச்சகத்தில் கம்பாசிட்டர், ட்ரெடில் மிதிப்பவன், ப்ரூஃப் பார்ப்பவன். இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது சொல்லும் முறை. தன்னிரக்கம் அதில் கிடையாது. பட்டதாரி தன் பட்டங்களைச் சொல்லும் தோரணையில் ஜெயகாந்தன் தன் வேலைகளைச் சொன்னார்.

இங்கே ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸை நினைத்துப் பார்க்கலாம். அவருடைய தந்தை 1824-இல் கடனுக்காகச் சிறைப்பட்டபோது, பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் காலணிக்குப் பூசும் கறுப்பு மை தயாரிக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அதை வெளியே சொல்லக் கூசினார். நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னது, அவர் இறந்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. ஜெயகாந்தனோ தாம் செய்த வேலைகளை மறைக்கவே இல்லை. தம் முன்னுரைகளிலும் அனுபவ நூல்களிலும் வெளிச்சத்தில் வைத்தார். இந்த வேறுபாடு சொந்தக் குணத்தால் மட்டும் வந்ததன்று. உழைப்பாளியாக இருப்பது வெட்கம் அன்று என்று கற்பித்த ஓர் இடத்தில் அவர் வளர்ந்தார்.

அந்த இடம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சென்னைக் கம்யூன். கட்சியின் முழுநேர ஊழியர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்ததைப் பகிர்ந்து உண்ட இடம். ப. ஜீவானந்தம் (ஜீவா), பாலதண்டாயுதம், எஸ். இராமகிருஷ்ணன் போன்ற தலைவர்கள் பேசுவதை அந்தச் சிறுவன் பக்கத்தில் இருந்து கேட்டான். கட்சியின் அச்சகத்தில் வேலை செய்தான், பத்திரிகை விற்றான். தலைவர்கள் அவனை எழுதத் தூண்டினார்கள். கட்சியை அவர் கடைசிவரை தம் குடும்பம் என்றே நினைவுகூர்ந்தார். பின்னாளில் அதிலிருந்து விலகி அதைக் கடுமையாக விமர்சித்த காலத்திலும் அப்படித்தான்.

அந்தக் குடும்பத்தின் தன்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜீவா மேடையில் மார்க்ஸையும் பேசுவார், கம்பனையும் பாரதியையும் பேசுவார். எஸ். இராமகிருஷ்ணன் பின்னாளில் கம்ப ராமாயண ஆய்வாளராகப் பெயர் பெற்றவர். ஆக, தொழிலாளியின் உரிமையும் தமிழ் இலக்கிய மரபும் ஒரே வாயிலிருந்து ஒரே மாலையில் அந்தப் பையனின் காதில் விழுந்தன. ஜெயகாந்தன் சேரியைப் பற்றியும் எழுதினார், சங்கர மடத்து மரபை மதித்தும் எழுதினார் என்பதை முரண்பாடாகக் காட்டுகிறவர்கள் உண்டு. கம்யூனில் அவர் கேட்டு வளர்ந்தது என்ன என்று தெரிந்தால், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது புரியும். மரபை எதிரிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஜீவாவிடமிருந்து அவர் பெற்ற பாடம்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. பெற்றவர்களோடு அல்லாமல், தன்னை ஏற்றுக்கொண்டவர்களோடு ஒரு சிறுவன் வளர்ந்தான். சாதி வேறு, ஊர் வேறு, வயது வேறு; ஆனாலும் ஒரே பந்தி. பிறப்பு கொடுத்த உறவைக் காட்டிலும், மனிதர்கள் தாமே மனமுவந்து ஏற்றுக்கொள்ளும் உறவு வலியது என்ற உணர்வு ஜெயகாந்தனின் எழுத்து முழுவதும் ஓடுகிறது. அவருடைய கஷ்ட ஜீவனம் அவர் எழுத்துக்குக் கொடுத்தவற்றுள் முதன்மையானது இதுதான். பசியை எழுதியவர்கள் தமிழில் பலர். வீட்டை இழந்தவன் எப்படி இன்னொரு வீட்டைக் கட்டிக்கொள்கிறான் என்பதை அவரைப்போல் திரும்பத் திரும்ப எழுதியவர் வேறொருவர் இல்லை.

அச்சகத்தில் கற்றது மொழி. கம்பாசிட்டரின் வேலை கண்ணுக்கும் விரலுக்கும் சேர்ந்த வேலை. ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். கட்டம் கட்டமான எழுத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையிலிருக்கும் ஸ்டிக்கில் வரிசையாக அடுக்கி, வரி நிறைந்ததும் இறுக்க வேண்டும். மேலோட்டமாகப் படிக்கிறவனால் அதைச் செய்ய முடியாது. ஒவ்வோர் எழுத்தும் கைபட்டு நகரும்போது, வாக்கியம் எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே வீணாக நீள்கிறது என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடும். ப்ரூஃப் பார்ப்பவனுக்கு அடுத்தவரின் பிழை தெரியும். நாளடைவில் தன் பிழையும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவரின் உரைநடை இத்தனை கட்டோடு இருப்பதற்கு இந்தப் பயிற்சி ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

1949-இல் கட்சி தடை செய்யப்பட்டது. கம்யூன் கலைந்தது. ஜெயகாந்தன் தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கிடைத்த ஓய்வு நேரத்தில் நிறைய யோசிக்கவும் எழுதவும் முடிந்தது. இரண்டாவது முறையும் வீடு போனபோதுதான் எழுத்து உறுதிப்பட்டது.

1950-களில் அவருடைய கதைகள் சிறு பத்திரிகைகளில் வரத் தொடங்கின. வ. விஜயபாஸ்கரன் 1955 முதல் 1962 வரை நடத்திய 'சரஸ்வதி' அவற்றுள் முக்கியமானது. பெரிய பத்திரிகைகள் தொடத் தயங்கிய கருப்பொருள்களுக்கு அது இடம் கொடுத்தது. 1958-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு ஒன்றின் பெயரே 'ஒரு பிடி சோறு'. பிளாட்பாரத்துத் தாயும் பிள்ளையும் சோற்றுக்கு அலைவதைச் சொல்லும் கதையின் தலைப்பு அது. சென்னைப் பேச்சுத் தமிழ் வேடிக்கைக்காக அல்லாமல், அழவும் கோபப்படவும் கொஞ்சவும் அந்தக் கதைகளில் இலக்கிய மொழியாக வந்தது. ரிக்ஷாக்காரர் பேசினால் நகைச்சுவை என்று வைத்திருந்த காலத்தில், ஜெயகாந்தனின் ரிக்ஷாக்காரர் பேசும்போது வாசகர் வாயடைத்துப் போனார்.

'ட்ரெடில்' கதை அச்சகத்திலிருந்து நேராக வந்தது. காலால் மிதித்து ஓட்டும் அச்சு எந்திரத்தில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவன், அடுத்தவர்களின் கல்யாணப் பத்திரிகைகளை அச்சடித்துக்கொண்டே தன் கல்யாணத்தைக் கனவு காண்கிறான். எந்திரம் அவன் உடம்பைக் கெடுத்துவிடுகிறது. முதலாளி கெட்டவர் அல்லர். அவனிடம் பிரியமும் வைத்திருக்கிறார். அதுவே கதையின் பலம். ஒரு கொடியவனைக் காட்டிக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள வாசகருக்கு வழியே இல்லை. உழைப்பு எப்படி ஓர் ஆளைத் தின்கிறது என்பதை நேரே பார்த்தே ஆக வேண்டும். அந்த மிதியைத் தானே மிதித்தவர் எழுதிய கதை அது. எந்திரத்தின் மீது அவருக்கு வெறுப்பு இல்லை என்பதும் கதையைப் படித்தால் தெரியும்.

'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' இடுகாட்டில் குழந்தைகளுக்குக் குழி வெட்டும் ஒருவனின் கதை. பாடிக்கொண்டே குழி வெட்டுகிறவன் அவன். சாவு அவனுக்குத் தொழில். தன் சொந்த மகன் செத்த பிறகு, வருகிற ஒவ்வொரு குழந்தையின் பிணமும் அவனுக்குத் தன் பிள்ளையாகிவிடுகிறது. ஒரு பிள்ளையை இழந்தவன் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தகப்பன் ஆகிறான். கம்யூன் கற்றுக்கொடுத்த உறவு முறை துக்கத்தின் வழியாக இங்கே வருகிறது.

அந்த உறவு முறை முழு வடிவம் பெற்றது 'உன்னைப்போல் ஒருவன்' நாவலில். சித்தாள் வேலை செய்யும் தங்கம், அவள் மகன் சிட்டி, கிளி ஜோசியம் பார்க்கும் மாணிக்கம். தாயின் வாழ்க்கையில் ஒருவன் நுழைந்ததை மகனால் தாங்க முடியவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் வெறுக்கிறான். தாய் இறந்த பிறகு, அந்தக் குழந்தையைச் சிட்டியே ஏற்றுக்கொள்கிறான். யாருடைய பிள்ளை என்ற கேள்வி அந்த இடத்தில் தோற்றுப்போகிறது. இதை ஜெயகாந்தனே திரைப்படமாக இயக்கினார். 1964-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் அதற்கு மூன்றாவது சிறந்த படம் என்ற சிறப்புக் கிடைத்தது. அந்த ஆண்டு முதலிடம் பெற்றது சத்யஜித் ராயின் 'சாருலதா'. சேரியைச் செட் போட்டு அழகுபடுத்தாமல், நட்சத்திரங்களை நம்பாமல் எடுத்த படம் 'உன்னைப்போல் ஒருவன்'.

'யாருக்காக அழுதான்' குறுநாவலின் திருட்டுமுழி ஜோசப் ஒரு விடுதியில் எடுபிடி வேலை செய்பவன். திருட்டுப் பழி அவன் மேல் விழுகிறது. உலகத்தில் கேட்க ஆளில்லாதவன் மேல் பழி போடுவது எத்தனை எளிது என்பதைக் கடைப் பையனாக வேலை செய்தவர்கள் அறிவார்கள். 1966-இல் இது திரைப்படமாக வந்தபோது, ஜோசப்பாக நடித்தவர் நாகேஷ். தமிழ் ரசிகர்களைச் சிரிக்க வைத்தே பழகிய அவரை, சிரிப்பே இல்லாத இந்த வேடத்துக்கு ஜெயகாந்தன் தேர்ந்தெடுத்தார்.

இனி, கடலூருக்குப் பக்கத்துச் சுரங்க நகரான நெய்வேலிக்கு நெருக்கமான கதைக்கு வரலாம். 'யுகசந்தி' 1963-இல் வெளிவந்த தொகுப்பின் தலைப்புக் கதை. கடலூரில் கணேசய்யர் குடும்பம். அவருடைய தாய் கௌரிப் பாட்டி இளவயதில் கணவனை இழந்து, மொட்டைத் தலையும் வெள்ளைப் புடவையுமாக ஆயுளைக் கழித்தவர். பேத்தி கீதாவும் இளவயதிலேயே விதவை ஆகிறாள். படித்து ஆசிரியை ஆகிறாள். வேலை நெய்வேலியில். பாட்டி துணைக்குப் போய் அவளோடு இருக்கிறார். தன்னோடு பணிபுரியும் ஒருவரை மறுமணம் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டதாகக் கீதா எழுதிய கடிதத்தோடு, பாட்டி நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து கடலூரில் இறங்குகிறார். வெயிலில் கெடிலம் பாலத்தைக் கடந்து நடக்கிறார். மகன் கடிதத்தைப் படித்துக் கொதிக்கிறார். மகள் செத்தாள் என்கிற அளவுக்குப் போகிறார். பாட்டி மகன் பக்கம் நிற்கவில்லை. பேத்தியோடு வாழ நெய்வேலிக்கே திரும்புகிறார்.

இந்தக் கதைக்கு நெய்வேலியைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாகத் தோன்றலாம். கடலூர்க்காரர் பக்கத்து ஊரை எழுதினார், அவ்வளவுதான் என்று எண்ணலாம். காலத்தைப் பொருத்திப் பார்த்தால் அப்படி விட முடியாது. நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது 1956-இல். 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அள்ளி அள்ளி, 1961-இல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் அனல் மின்நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. கதை வந்தது அடுத்த ஆண்டு. அப்போது நெய்வேலிக் குடியிருப்பு இந்தியாவின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் கூடிய புத்தம் புதிய ஊர். பழைய அக்ரகாரம் இல்லை, பழைய தெரு இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் பேத்தி, எந்தக் கோத்திரம் என்று கேட்கும் வழக்கம் இன்னும் வேர்விடவில்லை. சம்பளம் வாங்கும் ஒரு பெண் அங்கே தன் முடிவைத் தானே எடுக்க முடியும். கடலூர் வீட்டில் இருந்திருந்தால் கீதாவால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது. சுரங்கம் நிலக்கரியையும் மின்சாரத்தையும் கொடுத்தது. கூடவே, பழைய உறவுகளின் பார்வை எட்டாத ஓர் இடத்தையும் கொடுத்தது. அந்தச் சமூக மாற்றத்தை அது நடந்துகொண்டிருந்தபோதே கண்டுகொண்டது ஜெயகாந்தனின் கண்.

அவருக்கு அது ஏன் தெரிந்தது? கடலூரில் ஒரு வீட்டை விட்டு வெளியே போனால்தான் தன் வாழ்க்கையைத் தான் வாழ முடியும் என்பதைப் பன்னிரண்டு வயதில் வாழ்ந்து பார்த்தவர் அவர். கீதா அக்ரகாரத்துப் பெண். முருகேசன் மஞ்சக்குப்பத்துப் பையன். வறுமையில் ஒற்றுமை இல்லை, சாதியில் ஒற்றுமை இல்லை. வெளியேறுதலில் ஒற்றுமை உண்டு. மகனை விட்டுப் பேத்தியைத் தேர்ந்துகொள்ளும் பாட்டியிடம், அந்தச் சிறுவனை ஏற்றுக்கொண்ட கம்யூனின் மனம் தெரிகிறது. பசியைப் பேசாத கதை இது; ஆனாலும் அவருடைய இளமை முழுவதும் இதற்குள் இருக்கிறது.

பின்னாளில் அவர் எழுதிய நடுத்தர வர்க்கக் கதைகள் அனைத்துக்கும் இந்தத் திறவுகோல் பொருந்தும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' தமிழ்நாட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அலறினாலும், பிறகு அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ தூய்மையானவள் என்று சேர்த்துக்கொள்கிறாள். தாய் அப்படிச் செய்யலாமா என்று வாசகர்கள் சண்டையிட்டார்கள். அந்தத் தாய் ஏற்றுக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு விடையாகவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுந்தது. அந்த நாவலின் கங்கா படித்தவள், பெரிய வேலையில் இருப்பவள். ஆனால் பெற்ற வீடு அவளைத் தள்ளிவிட்டது. ஏற்றுக்கொள்ளப்படாத ஒரு மனிதப் பிறவிக்கு என்ன நேரும் என்பதைப் பல நூறு பக்கங்களில் அவர் காட்டினார். அதற்குத்தான் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' இதற்கு மறுபக்கம். ஹென்றியை வளர்த்தவர்கள் அவனைப் பெற்றவர்கள் அல்லர். யாரோ பெற்ற குழந்தையை எடுத்து வளர்த்தவர்கள். வளர்ப்புத் தந்தையின் ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு அவன் வருகிறான். சொத்துக்காக வரவில்லை. பாழடைந்த வீடு ஒன்றைத் தன் வீடாக்கிக்கொள்ள வருகிறான். ஊர் அவனை ஏற்கிறது. தந்தையின் தம்பி துரைக்கண்ணு தமையன் மகனாகவே அவனைக் கொண்டாடுகிறார். தமிழ் நாவல்களில் இத்தனை மகிழ்ச்சியும் நம்பிக்கையும் நிறைந்தவை குறைவு. கஷ்டப்பட்டவர் கசப்பைத்தான் எழுதுவார் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

கசப்பை எழுதிய மேதையும் அதே கடலூர் மண்ணில் பிறந்தவர்தான். புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி. புதுமைப்பித்தன் பி.ஏ. படித்தவர். எழுத்தையே தொழிலாகக் கொண்டதால் நடுவயதில் வறுமை அவரைப் பிடித்தது. பத்திரிகை அலுவலகங்களில் உழைத்து, சினிமாவில் முயன்று, காசநோயோடு திரும்பி, 1948-இல் 42 வயதில் இறந்தார். அவருக்கு வறுமை ஓர் அநீதியாக, தன் தகுதிக்குச் சமூகம் செய்த அவமதிப்பாக வந்தது. அதனால் அவர் எழுத்தில் குத்தலும் கசந்த சிரிப்பும் கூர்மையாக இருந்தன. ஜெயகாந்தனுக்கு வறுமை உலகத்தின் முதல் முகமாக வந்தது. அந்த முகத்தைச் சுற்றிலும் தன்னைத் தாங்கிய மனிதர்களையும் அவர் கண்டார். வறுமை ஒன்றுதான், எந்த வயதில் வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து இலக்கியம் வேறாகிறது. உலக இலக்கியத்தில் ஜெயகாந்தனுக்கு நெருங்கியவர் மக்சீம் கோர்க்கி. அவரும் சிறுவயதிலேயே வேலைக்குத் தள்ளப்பட்டவர். ரொட்டிப் பட்டறையிலும் கப்பல் சமையலறையிலும் வேலை செய்தவர். தம் இளமைக் கதையின் மூன்றாம் பாகத்துக்கு 'என் பல்கலைக்கழகங்கள்' என்றே பெயர் வைத்தார்.

ஜெயகாந்தனின் குறைகளும் அதே இளமையிலிருந்து வந்தவை. கம்யூன் மேடைகளில் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால், அவருடைய மாந்தர்கள் பல இடங்களில் பேசுவதை விட்டுச் சொற்பொழிவு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு நியாயத்தை நிலைநாட்டும் அவசரத்தில், கதை பொறுமையாக நடக்க மறுக்கிறது. எளிய மனிதரின் வாயில் ஆசிரியரின் தர்க்கம் ஏறி உட்காருவதைச் சில கதைகளில் வெளிப்படையாகக் காணலாம். சொந்தக் காலில் நின்று வந்தவருக்கு இயல்பாக வரும் தன்னுறுதி, கட்டுரைகளில் சில நேரம் பிறர் சொல்லைக் கேளாத பிடிவாதமாக மாறியது. இவற்றை மறைத்து அவரைப் பாராட்ட வேண்டியதில்லை. 'ட்ரெடில்', 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி', 'யுகசந்தி' ஆகிய கதைகளில் பேச்சு அடங்கிச் செயல் முன்னே நிற்கிறது. அவர் உச்சம் தொட்ட இடங்கள் அவை.

புகழும் வசதியும் வந்த பிறகு அவர் எங்கே நின்றார் என்பதும் இந்த விஷயத்தைச் சேர்ந்ததே. ஆழ்வார்ப்பேட்டையில் அவருடைய மாடியில் கூடிய சபையில் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் அரசியல்வாதிகளும் வந்தார்கள். சாதாரண உழைப்பாளிகளும் அதே பாயில் உட்கார்ந்தார்கள். இளவயதில் அவர் உண்ட பந்தியின் தொடர்ச்சியாகவே அதைக் கொள்ள வேண்டும். 1980-களுக்குப் பிறகு அவர் எழுதியது குறைவு. ஆனால் அந்தச் சபை தொடர்ந்தது.

இன்றைக்கு ஜெயகாந்தனின் பெயர் தெரிந்த இளைஞர்கள் பலருக்கு அவருடைய விருதுகள்தான் தெரியும். நெய்வேலிக் குடியிருப்புப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'யுகசந்தி'யை முதலில் கொடுங்கள். அவர்கள் பஸ் ஏறும் ஊரும், கடந்துபோகும் பாலமும் அதில் இருக்கின்றன. சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் பணிபுரிகிறவர்கள் 'ட்ரெடில்' கதையைப் படிக்க வேண்டும். அதன்பின் 'உன்னைப்போல் ஒருவன்', அதன்பின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. விவாதங்களுக்குப் பெயர்போன நாவல்களை அவற்றுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இந்த வரிசையில் படித்தால், அவர் பட்ட பாடு எப்படிக் கதையானது என்பதை வாசகர் தாமாகவே காண்பார்.